சந்தனம் வைத்த கட்டிங் வீல்

ஜூலை 3, வியாழன்

சாரல் தென்காசி வரை வந்துவிட்டது. காற்றில் ஷட்டர் தடதடவென்று ஆடுகிறது. இன்று செய்ய வேண்டியவை: வாடகை டிரில்லுக்கு வயர் மாற்ற. வாடகைக்குப் போன ஏணியைத் திரும்ப வாங்க. மதுரை மொத்தக் கடைக்கு போன்.

போன் போட்டாயிற்று. மெஷினில் மாட்டி இரும்பு அறுக்கும் நாலு இஞ்ச் கட்டிங் வீல் திங்கள்தான் வருமாம். சீசன் வந்ததும் குற்றாலத்து லாட்ஜ்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இரும்பு அறுக்கக் கிளம்புகிறார்கள். மற்ற மாதமெல்லாம் தூக்கம்.

பதினொரு மணிக்கு ஆறுமுகம் அண்ணாச்சி. ஐந்தருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். ஐம்பத்தைந்து இருக்கும். எண்ணெய்க் கொட்டகையில் பெஞ்சுக் கால்கள் துருப்பிடித்துச் சிமெண்டோடு ஒட்டிக்கொண்டனவாம். அறுத்தெடுக்க ஏஜி-4 மெஷின் வாடகைக்கு வேண்டும். ஞாயிறு கூட்டத்துக்குள் முடிக்க வேண்டும்.

வழக்கமான பாட்டைப் பாடினேன். வீலை மூடும் கார்டைக் கழற்றக் கூடாது. கண்ணாடி போடணும். ரெண்டு கையாலும் பிடிக்கணும். தோளில் துண்டு கூடாது. பக்கத்தில் எண்ணெய்த் துணி கூடாது, பொறி பறக்கும். சுவிட்சை அணைத்த பிறகுதான் பிளக்கைப் பிடுங்கணும். வீல் சுற்றி நின்ற பிறகுதான் கீழே வைக்கணும். மெஷின் பிடித்திருக்கும் ஆளைப் பின்னாலிருந்து யாரும் கூப்பிடக் கூடாது. இதற்காகவே பஜாரில் 'டீச்சர் கடை' என்று பெயர். சொல்லட்டும். ஒன்பது வருஷத்தில் என் மெஷினால் ஒருத்தருக்கும் விரல் போனதில்லை.

அவருக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: சீயக்காய் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தொடணும். சிரித்தார். "இந்தக் கைக்குள்ள வந்த எதுவும் இதுவரைக்கும் வழுக்கினதில்ல தாயி" என்றார்.

வீல்தான் இல்லை. அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. அப்போது சாமி ஷெல்ஃபில் இருந்த பெட்டி கண்ணில் பட்டது. கடை திறந்த அன்று பூஜையில் வைத்த முதல் பெட்டி. பத்து வீல். ராசிக்காக விற்காமல் வைத்திருக்கிறோம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு வீலின் நடு வளையத்திலும் சந்தனம். அதிலிருந்து ரெண்டு எடுத்துக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். நல்ல காரியம் செய்த மாதிரி இருந்தது.

ஜூலை 4, வெள்ளி

விட்டுவிட்டு மழை. ஏணி இன்னும் வரவில்லை. கேட்டால் நாளைக்காம்.

மூன்று மணி வாக்கில் சாமி ஷெல்ஃபைத் துடைத்தேன். பெட்டியில் மேலாக இருந்த வீலை எடுத்து, காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினால் அடியில் வளையத்தில் பொடி எழுத்து. மாதம், வருஷம். அதுவரைதான் அந்த வீல் தாங்கும் என்று கம்பெனி போட்டிருக்கிறது. அந்தத் தேதி போய் ஆறு வருஷம். போதாதற்கு நாங்கள் வேறு வருஷா வருஷம் தண்ணீர் தெளித்திருக்கிறோம். கட்டிங் வீலை ஈரத்தில் வைக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவள் நான்.

அண்ணாச்சிக்கு போன். சுவிட்ச் ஆஃப். மறுபடி. சுவிட்ச் ஆஃப்.

வீட்டுக்காரர் பின்னால் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். சொன்னேன். தலையைத் தூக்கவில்லை. "வீல் என்ன பால் பாக்கெட்டா, தேதி பாத்து விக்கதுக்கு? பூஜையில வச்ச பொருளு. ஒண்ணும் ஆவாது."

வீலை அவர் கையில் வைத்தேன். லேசாக வளைத்தார். ஓரம் பொலபொலவென்று மடியில் உதிர்ந்தது. இது நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். அண்ணாச்சி முகத்துக்கும் இதற்கும் ஒரு முழம் இடைவெளி இருக்குமா?

நாலரை பஸ். ஐந்தருவியில் சரியான கூட்டம். ஈரத் துண்டு, மிளகாய் பஜ்ஜி, சோப்பு நுரை. ஆறுமுகம் என்று கேட்டால் ஐந்து ஆறுமுகம் இருக்கிறார்கள். கடைசியில் அவரோடு வேலை பார்க்கிற ஒருத்தர் கிடைத்தார். அண்ணாச்சி இன்றைக்கு வேலைக்கே வரவில்லையாம். நேற்று சாயங்காலம் ஒரு ஆளுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து போய்விட்டாராம். ஏன்? "தெரியலக்கா. ஒரு மாதிரி கையையே பாத்துக்கிட்டுப் போனாரு."

காயமா என்று கேட்டேன். ரத்தமெல்லாம் இல்லை என்றார். வீடு எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு திசை காட்டுகிறார்கள். கொட்டகை பூட்டிக் கிடந்தது. சந்து வழியாகப் பார்த்தேன். உள்ளே என் மெஷின். காலை ஏழு மணிக்குத் திறப்பார்களாம். அதுவரை யாரும் தொட முடியாது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு திரும்பினேன்.

ஜூலை 5, சனி

ஆறே காலுக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டு. பஸ் வர நேரமாகிவிட்டது. டிரைவர் டீ குடித்த வேகத்தைப் பார்த்து எரிச்சல்.

அருவி இரைச்சலில் மெஷின் சத்தம் கிட்டே போகும் வரை கேட்கவில்லை. கொட்டகை வாசலில் போய் நின்றால், உள்ளே அண்ணாச்சி எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருக்கிறார். பொறி பறக்கிறது. கண்ணாடி நெற்றியில், சாரலில் பனி மூடியிருக்கும் போல. கத்த வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, என் பாட்டுத்தானே. திடுக்கிட்டு ஒரு ஓரம் சாய்த்தால் போதும், வீல் சிதறிவிடும்.

வயர் எங்கே போகிறது என்று பார்த்தேன். ஜன்னல் வழியாகப் பக்கத்து லாட்ஜ் வராந்தாவுக்கு. ஓடினேன். பிளக்கைப் பிடுங்கினேன். சுவிட்சை அணைக்காமல் பிளக்கைப் பிடுங்கக் கூடாது, அதுவும் என் பாட்டுத்தான். வீல் தானாகச் சுற்றி ஓயும் வரை அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன்.

"கரண்டை நீயா தாயி பிடுங்கின?" கோபமில்லை, ஆச்சரியம்.

போய் முதலில் மெஷின் சுவிட்சை அணைத்தேன். அப்போதுதான் கார்டைப் பார்த்தேன். உள்பக்கமிருந்து நகம் அளவுக்கு ஒரு புடைப்பு. கடையிலிருந்து போகும்போது இல்லை. என்ன இது என்று கேட்டேன்.

வியாழக்கிழமையே முதல் வீல் உடைந்துவிட்டதாம். ஒரு துண்டு கார்டில் அடித்துக் கீழே விழுந்ததாம். கார்டு இல்லையென்றால் அது எங்கே போயிருக்கும் என்பதை எழுத மாட்டேன்.

"கழுவிட்டுத்தான் தாயி பிடிச்சேன். அப்படியும் நழுவிட்டு. பழைய பிடி இல்ல. அதான் நேத்து வேலைக்குப் போகல. பிடி போன கையை வச்சுக்கிட்டு ஒருத்தரு கழுத்தைத் தொடலாமா?" பெஞ்சை இன்றைக்கு எடுத்தே ஆகவேண்டும் என்று கொட்டகை முதலாளி சொன்னதால்தான் மறுபடி வந்தாராம்.

ஒரு நிமிஷம் சும்மா நின்றேன். அதையும் எழுதத்தான் வேண்டும். வீலை வாங்கிக்கொண்டு ஏதாவது சாக்குச் சொல்லி வந்திருக்கலாம். டீச்சர் கடை பெயர் அப்படியே இருந்திருக்கும். வெட்கமாக இருக்கிறது.

"அண்ணாச்சி, கை நழுவல. வீல் கெட்டுப்போனது. தேதி பாக்காம நான்தான் தந்தேன்."

"அப்போ கை நழுவலையா?"

"இல்ல."

திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் உள்ளங்கை ரெண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் பின்னால் போய், தோளைப் பிடித்து அமுக்கினார்.

"ஏ அண்ணாச்சி, வலிக்கி, விடும்."

அண்ணாச்சி விடவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. நான் மெஷினை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

வெயில், திடீரென்று. ஏணி வந்தது, ஒரு படி உடைந்து. மதுரைச் சரக்கு வந்தது. ஒவ்வொரு வீலாகத் தேதி பார்த்து வாங்கினேன். லாரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஐந்தருவிக்கு ஒரு ஆளும் மெஷினும் நல்ல வீலும் அனுப்பியாயிற்று, பெஞ்சுக்கு.

பிறகு ராசிப் பெட்டியை வாசலில் கொட்டி ஒவ்வொன்றாக உடைத்தேன். வீட்டுக்காரர் தடுக்கவில்லை. பத்தில் ரெண்டு அண்ணாச்சிக்கு. மீதி எட்டு இருக்க வேண்டும். ஓரம் உதிர்ந்ததையும் சேர்த்து ஏழுதான் இருந்தது.

வீட்டுக்காரரைப் பார்த்தேன். கழுத்தைச் சொறிந்தார்.

"போன மாசம் நீ உங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தேல்லா, அப்போ ஒருத்தரு வந்தாரு. வீட்டு இரும்புக் கேட்டை அறுக்கணும்னாரு. ஸ்டாக் இல்ல."

யார்?

"பேரு தெரியல. ஊரு திருவேங்கடம்னு சொன்னாரு."

செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டேன், திருவேங்கடத்துக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு.