ஓ பாசிட்டிவ் குரூப்

என்னங்க,

பல் டாக்டரிடம் போகிறேன். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. சாவி செருப்பு அலமாரியில். நேற்று நான் சிரித்துவிட்டேன் என்று இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்காதீர்கள். மூன்று மணிக்குப் பேத்தியோடு புதுப் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள்தான் போகவேண்டும்.

“மானம் போச்சு, நான் வரமாட்டேன்” என்றால் எப்படி? நேற்று அங்கே பெற்றோர் கூட்டத்தில் அறிவியல், வணிகவியல், கலை என்று ஒவ்வொரு பிரிவாக மேடையில் விளக்கும்போது தூங்கியது யார்? டீச்சர் உங்களைத் தட்டி எழுப்பிக் கேட்டாராம்:

“உங்க பேத்திக்கு என்ன குரூப் வேணும், ஐயா?”

“ஓ பாசிட்டிவ்.”

அத்தனை பெற்றோரும் சிரித்தார்களாம். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் காலையில் பேத்தி சொன்னதைக் கேளுங்கள்.

“பாட்டி, அதுவரைக்கும் ஒருத்தரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. அப்புறம் ஒரு பொண்ணு தானா வந்து, ‘எனக்கும் ஓ பாசிட்டிவ்தான், பக்கத்துல உக்காரட்டுமா?’ன்னு கேட்டா. இன்னைக்கும் தாத்தாவே வரட்டும்.”

தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை என்று ஒரு வாரமாக அழுதவள் அவள். சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டிருக்கிறேன். கிளம்புங்கள். கேட்டால் கலைப் பிரிவு என்று சொல்லுங்கள்.

மாத்திரை போட்டுக்கொண்டு போங்கள். அதனால்தான் தூக்கம் வருகிறது என்றால் திரும்பி வந்து போடுங்கள்.

இன்னொன்று: நம் பேத்திக்கு பி பாசிட்டிவ். அந்தப் பெண்ணிடம் மட்டும் சொல்லித் தொலைக்காதீர்கள்.