பச்சைக்கல் முட்டைக்கோஸ்

லிவர்மோர், ஞாயிறு இரவு.

மகள் மணக்கப்போகும் சீனப் பையனின் அம்மா இன்று எங்களைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு அழைத்துப்போனார். சீன அரண்மனை அருங்காட்சியகத்துப் பச்சைக்கல் சிற்பங்கள் அங்கே வந்திருக்கின்றன. கல்லில் செதுக்கிய ஒரு முட்டைக்கோஸ், அதன்மேல் வெட்டுக்கிளி. பூச்சி இருக்கிறதா என்று பார்த்தே கோஸ் வாங்கும் என் மனைவி மல்லிகா முகம் சுளித்தாள். மன்னரை மணந்த பெண் ஒருத்தி சீராகக் கொண்டுவந்ததாம் அது. சம்பந்தியம்மா சொன்னார்.

"என்னங்க, ஜாடையா சீர் கேக்கறாங்களோ?" மல்லிகா கிசுகிசுத்தாள்.

"கேக்கட்டுமே, கோஸ்தானே! ஃபார்மர்ஸ் மார்க்கெட்ல வாங்கிடலாம்" என்றேன். சொல்லிவிட்டுப் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் சம்பந்தியம்மா தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் கேட்டார். அவர்கள் வழக்கப்படி பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குச் சீர் தர வேண்டுமாம். நாங்கள் என்ன எதிர்பார்க்கிறோம்?

பாவம், இந்தக் கவலையில் எங்களைப்போல் அவருக்கும் தூக்கமில்லை போலிருக்கிறது. நான் பந்தாவாகத் தாடையைத் தடவினேன். மல்லிகா என் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"நத்திங்!" என்று அலறினேன்.

பெருந்தன்மையான மனிதர் என்று என்னைப்பற்றிச் சம்பந்தியம்மா மகளிடம் சொன்னாராம்.