சாத்திய கதவின் உள்பக்கம்

அன்புள்ள என்னவருக்கு,

எல்லோரும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். மூத்தவள் நலம், சின்னவன் படு நலம், நான் முக்கால் நலம். மீதிக் கால் பங்கைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் சாப்பிட்டாச்சா என்பீர்கள், நான் ஆச்சு என்பேன், அதோடு சரி. சிகரெட்டை விட்டதிலிருந்து உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. அங்கே உங்கள் அறையில் கூட இருந்த பெயின்டரை நெஞ்சுவலி என்று ஊருக்கு அனுப்பிய அன்றே பாக்கெட்டைக் குப்பையில் போட்டேன் என்றீர்கள். முதலில் நான் நம்பவில்லை. சிகரெட்டை விடுவதும் மறுநாளே பிடிப்பதும் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு ஆயிற்றே. இப்போது நம்புகிறேன். பேச்சு நின்றுபோனதே சாட்சி.

சின்னவன் உங்கள் பழைய ஷூவைப் போட்டுப் பார்த்தான். அவனுக்கே இறுக்கம். சமையலறைக் குழாய்க்கு நானே வாஷர் மாற்றிவிட்டேன். இரண்டு நாள் ஒழுகாமல் இருந்தது.

அந்தச் சமையலறையில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். இங்கே வேலை பார்த்தவரை, நாளெல்லாம் கிரேன் உச்சியில் தனியாக இருந்துவிட்டு வருவீர்கள். ஹாலில் யார் பேச்சுக் கொடுத்தாலும் 'ம்' தான். பிறகு இங்கே வந்து முக்காலியை இழுத்துப் போட்டு, புகை பிள்ளைகளுக்கு ஆகாது என்று கதவைச் சாத்தி, அடுப்பு அணைந்துவிடும் என்று ஜன்னலையும் சாத்தி, ஒன்றைப் பற்றவைத்த பிறகுதான் வாய் திறக்கும். மேலிருந்து பார்த்தால் மேஸ்திரியின் வழுக்கை மட்டும் தனியாக நடந்து போகும் என்று நீங்கள் சொன்னதை நினைத்து நேற்றுகூடச் சிரித்தேன். ஒன்று முடிந்து நீங்கள் எழுந்தால், இன்னொன்று பிடியுங்களேன் என்பேன். எனக்கு வேண்டியது பேச்சு. புகை அதோடு வந்தது.

இனி அந்தக் கால் பங்கு. இருமல் நிற்கவில்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. போனில் பேசாமல் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். மூத்தவள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வலது நுரையீரலில் ஒரு கட்டி. சோதித்ததில் புற்றுநோய்தான் என்கிறார்கள். சின்னதாக இருக்கும்போதே அகப்பட்டுவிட்டது, அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா தைரியம் சொன்னார். அடுத்த மாதம் முதல் வாரத்தில் ஆபரேஷன்.

நான் சிகரெட் பிடிப்பேனா என்றுதான் அவர் முதலில் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததில் இருமலும் வந்தது. பிறகு, "வீட்டுல யாராவது பிடிப்பாங்களாம்மா?" என்றார்.

"இப்ப யாரும் இல்ல டாக்டர். அவர் விட்டுட்டார்" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முன்பு எங்கே உட்கார்ந்து பிடிப்பார் என்று கேட்டார்; சாத்திய சமையலறையைச் சொன்னேன். இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாதாம். ஆனால் அடைத்த அறையில் வருஷக்கணக்காகப் பக்கத்தில் இருந்து இழுத்த புகையும் புகைதானாம்.

வீட்டுக்கு வந்ததும் மூத்தவள் இந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பாவை நாலு வார்த்தை கேட்கிறேன் என்று போனை எடுத்தாள், நான் பிடுங்கிவிட்டேன். அதனால்தான் அவள் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் கதவைச் சாத்தினீர்கள். நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று நீங்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

கத்திக்கு நான் பயப்படவில்லை. இதைப் படித்ததும் உங்கள் கை சட்டைப் பையைத் தடவும், அதற்குத்தான் பயப்படுகிறேன். உங்கள் அறைக்குக் கீழேயே கடை. என்மேல் உள்ள துக்கத்தில் ஒன்றைப் பற்றவைத்துவிடாதீர்கள். நீங்கள் விட்டுவிட்டீர்கள் என்று நான் ஒரு டாக்டரிடம் பெருமையடித்துவிட்டு வந்திருக்கிறேன், என் மானத்தை வாங்கிவிடாதீர்கள். அழுகை வந்தால் அழுங்கள். அந்த உயரத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்?

வெட்கத்தை விட்டு ஒன்று எழுதுகிறேன். உங்கள் நீலச் சட்டையில் அந்த வாடை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மூத்தவள் துவைக்கக் கேட்டாள், எடுத்து ஒளித்துவிட்டேன். அது கூடாது என்று எனக்கும் தெரியும். நீங்கள் வந்தால் நானே துவைத்துவிடுகிறேன்.

லீவு கேட்டுக்கொண்டு வாருங்கள். முக்காலி அதே இடத்தில் இருக்கிறது. கதவும் ஜன்னலும் திறந்திருக்கின்றன. கையில் புகை இல்லாமல் பேச வராது என்று கூச்சப்பட வேண்டாம். முதலில் நான் பேசுகிறேன். எனக்கு மூச்சு வாங்கும்போது, விட்ட இடத்திலிருந்து நீங்கள் தொடருங்கள்.

உங்கள் பேச்சுக்குக் காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி