ஃபோல்டருக்குள் இருந்த ஆட்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கப்பலில் வேலையும் உடம்பும் சரியாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

உன் மனைவியை மதியம் மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனாலும் இரத்தப்போக்கு நிற்கவில்லை. நாளைக் காலை அறுவை சிகிச்சை. உனக்கு எழுத வேண்டாம் என்றாள். "கடல் நடுவுல இருந்து அவர் என்ன பண்ணுவார் அண்ணி, தவிச்சுத்தான் போவார்" என்றாள்.

அவளுடைய அரிய இரத்த வகையை நினைத்துத்தானே நான் வேலை பார்க்கும் இரத்த வங்கிக்கு அந்தக் கணினி ஏற்பாட்டைச் செய்துகொடுத்தாய்? தரவுத்தளம் என்றாலே ஒதுங்கும் நாங்கள்கூட, பென்டிரைவைத் திறப்பதுபோல் அதைத் திறந்து, வகைக்கொரு ஃபோல்டர், இரத்தம் கொடுக்கும் ஆளுக்கொரு ஃபைல் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். இன்று அவள் வகையைத் தேடினேன். ஃபோல்டரே இல்லை.

புதிதாக வந்த மேலாளரிடம் கேட்டேன். "வெறும் நகல்னு நெனச்சுத்தாங்க அழிச்சேன்" என்றார். ஃபைலை அழித்தால் தரவுத்தளத்திலிருந்தே ஆள் போய்விடும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

போன வாரம் தனியாக எடுத்துவைத்த காப்பு நகல் இருக்கிறதாம். அதை எப்படித் திறப்பது? இந்த மின்னஞ்சலைப் பார்த்ததும் எழுது.

கவலையோடு,
அக்கா

அன்புத் தம்பிக்கு,

உன் பதில் வந்தது. நீ எழுதியபடியே மேலாளர் காப்பு நகலை இணைத்தார். ஃபோல்டர் திறந்ததும் ஆட்களே வந்து நின்றதுபோல் இருந்தது எனக்கு. ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். முதல் ஆள் வெளியூரில். அடுத்தவரின் எண் மாறிவிட்டது. மூன்றாமவர் பேருந்து ஓட்டுநர். "வண்டிய டிப்போவுல விட்டுட்டு வந்துடறேம்மா" என்றார். சீருடையோடு வந்து இரத்தம் கொடுக்கப் படுத்தார். இனி அந்த ஃபைல்களை யாரும் பார்க்கலாம், அழிக்க முடியாது என்று நீ சொன்னபடி மாற்றியாகிவிட்டது.

காலையில் அறுவை சிகிச்சை முடிந்தது. பெண் குழந்தை. நன்றாக அழுகிறாள். அவள் அம்மா இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான். இன்னும் இரத்தம் தேவைப்படுமா என்று மாலையில் சொல்வார்களாம். மற்றவர்களையும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

சற்று நேரம் என்னை உள்ளே விட்டார்கள். நன்றாக இருப்பதாக உனக்கு எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். பிறகு, கப்பல் அடுத்து எந்தத் துறைமுகத்தில் நிற்கும் என்று கேட்டாள். தெரியாது என்றேன். கொஞ்சம் கண்ணை மூடியிருந்துவிட்டு மறுபடியும் அதையே கேட்டாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும். அடுத்த துறைமுகத்தில் இறங்கி வர முடியுமா என்று கேப்டனிடம் ஒரு வார்த்தை பேசிப் பாரப்பா.

அக்கா