கிளிப்பின் மேல் பழி

அன்புள்ள அப்பாவுக்கு,

"மன்னிச்சிடுங்க" என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. அதற்கு முன், உங்கள் முழங்கால் வலி எப்படி? அம்மா மாத்திரையை மறக்காமல் சாப்பிடுகிறாளா? நான் நலம். இது சின்ன விஷயம், கவலைப்படாதீர்கள்.

செவ்வாயன்று ஒரு பஸ் ஓட்டுநருக்கு நுரையீரல் ஆபரேஷன். வாய்வழியே ஒரு குழாயை உள்ளே விட்டு, ஒரு நுரையீரலை நிறுத்திவைத்து, மற்றதால் மட்டும் மூச்சுவிடச் செய்வார்கள். ஆக்ஸிஜன் அளவைக் காட்டுவது நான் அவர் விரலில் மாட்டும் கிளிப். அளவு இறங்கினால் இங்கே எல்லோரும் முதலில் கிளிப்பைத்தான் குறை சொல்வார்கள். அன்று தொண்ணூற்றைந்தாக இருந்தது எண்பத்தாறானது.

"வேற விரல்ல மாட்டும்மா," என்றார் பெரிய டாக்டர். மாட்டினேன். எண்பத்து நான்கு.

"காதுல மாட்டு."

"கிளிப் சரியாத்தான் இருக்கு சார். அவரைத் திருப்பிப் படுக்க வச்சப்ப உள்ள விட்ட குழாய் நகர்ந்திருக்கு. அதைப் பாருங்க."

"நீ எப்பம்மா டாக்டரானே?"

"ஆகல சார். குழாயைப் பாருங்க."

மயக்க மருந்து டாக்டர் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தார். நகர்ந்துதான் இருந்தது. சரிசெய்ததும் அளவு ஏறியது.

எல்லோர் முன்னாலும் எதிர்த்துப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். தலைமை நர்ஸ், "ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?" என்றார்.

"தேயாதுக்கா. ஆனா அடுத்த தடவை திறக்காது," என்றேன்.

நீங்களும் அம்மாவும் பேசுவதைப் போனில் பதிவுசெய்து அனுப்புங்கள். சண்டையானாலும் சரி, நீளமாக இருக்கட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஓட்டுநர் நான்காம் நாள் ஆக்ஸிஜன் இல்லாமல் வராந்தாவில் நடந்தார். என்னைக் கருவிகள் கழுவும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

உங்கள் மகள்