நங்கூரத்தால் உடைத்த குளோசெட்

அத்தான்,

பாறசாலைச் சந்தையில் இன்று வண்டியிலிருந்து உட்கார்ந்து போகும் வெள்ளைக் கக்கூஸ் குளோசெட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்று கைநழுவி விழுந்து சிதறியது. சத்தம் கேட்டதும் என் கை தானாக நெற்றித் தழும்புக்குப் போனது. நீங்கள் போட்ட தழும்பு.

எங்கள் காரோட்டுக் கரையில் ஆண்களெல்லாம் விடியுமுன் கடலோரம்தான் ஒதுங்குவோம். அலை வந்து கொண்டுபோய்விடும், எவனும் திரும்பிப் பார்த்ததில்லை. முட்டுவலியால் குந்த முடியாமல் போன பிறகுதான் அக்கா கட்டிய கக்கூசுக்குள் நீங்கள் கால் வைத்தீர்கள். தண்ணீர் ஊற்றிப் பழக்கமில்லாத மனுஷன், அப்படியே விட்டுவிட்டு வந்தீர்கள். அக்கா ரத்தத்தைப் பார்த்துவிட்டாள்.

சில மாதங்களாகவே ஒருநாள் மலச்சிக்கல், மறுநாள் வயிற்றுப்போக்கு. கைலி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தீர்கள். மூலம் என்றீர்கள். மூலமாகவே இருக்கட்டும், டாக்டர் பார்த்துச் சொல்லட்டுமே என்றாள் அக்கா. அதற்கு நீங்கள் வள்ளத்து நங்கூரத்தைத் தூக்கிவந்து குளோசெட்டை அடித்து நொறுக்கினீர்கள். தடுக்க வந்த என் நெற்றியில் ஒரு சில்லு பாய்ந்தது.

"எனக்க வயித்துக்குள்ள கெடக்கியத இது சொல்லணுமோலே? இது வெறும் மூலச்சூடாக்கும்."

மூச்சிரைக்க நின்றீர்கள். உங்கள் கண்ணில் அவ்வளவு பயத்தைப் புயலிலும் நான் கண்டதில்லை.

பிறகு மறுபடியும் கடலோரம், வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு. ராத்திரிகளில் கடுக்காய்ப் பொடி. ஒருநாள் வயிறு பானையாக ஊதி, காற்றும் பிரியாமல், பச்சையாக வாந்தியெடுத்து, வலியில் கட்டில் சட்டத்தை உதைத்தே உடைத்தீர்கள். பிடிக்க வந்த என் கையைக் கடித்தீர்கள். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்த டாக்டர், குடலை அடைத்துப் புற்று வளர்ந்திருக்கிறது என்றார். முன்பே வந்திருந்தால் என்று தொடங்கியவர், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நீங்கள் பிழைக்கவில்லை. உங்கள் குழியில் மண் போடும்போது உங்களை இழுத்துப் போட்டு அடிக்க வேண்டும் போலிருந்தது. இப்போதும் இருக்கிறது.

போன மாதம் எனக்கும் ரத்தம் போனது. பயத்தில் அக்காவிடம் சொன்னேன். உடனே சேலை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு எனக்கு முன்னால் நடந்தாள். டாக்டர் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். வெறும் மூலம்தான். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், கீரை சேர்க்க வேண்டும், முக்கக் கூடாது, அடுத்த முறை ரத்தம் கண்டாலும் மூலம் என்று நானே முடிவுகட்டாமல் வர வேண்டும் என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். காது அடைத்துப்போனது.

"இம்புட்டுத்தானே மக்கா. இதுக்குத்தானே அவரு வரமாட்டேன்னு நின்னாரு," என்று என் தோளில் விழுந்து அழுதாள்.

அந்த அடி உங்களுக்கு உள்ளது, அத்தான். உங்களுக்குப் பதிலாக நான் வாங்கி வைத்திருக்கிறேன்.