நீ ஏறாத உச்சி

நேற்றைய பயிற்சியில் நனைந்த கயிற்றைக் காலையில் கொடியில் போட்டேன். வெயில் ஏற ஏற, நம் கூடாரத்துக்குள் அடித்த அதே ஈரக்கயிற்று வாடை வந்தது. உன்னிடம் பேசாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த மாதம், நீயும் நானும் போன அதே இமயமலைச் சிகரத்துக்கு நாங்கள் சிலர் போகிறோம். ஏழு நாள் ஏற்றம், அதில் கடைசி மூன்று நாள் பனியாற்றின் மேல். இந்த முறை திட்டம் போடுவது நான்.

உடும்பஞ்சோலையில் சுற்றுலா வருகிறவர்களை மலையேற்றிக் கூட்டிப்போகும் வேலைக்கு நாம் ஒரே வாரத்தில்தான் சேர்ந்தோம். ஆறே மாதத்தில் எல்லாரும் உன் பேரைச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. உன் முன்னால் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சிகரத்துக்குப் போன முதல் பயணத்துக்கு நீதான் திட்டம் போட்டாய். மூன்றாம் நாள் நடக்காமல், உயரம் உடம்புக்குப் பழகக் கூடாரத்திலேயே இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய்.

“ஒரு நா வேஸ்ட்டு. கெழவிக போற யாத்திரை மாதிரி இருக்கு” என்றேன், நம்மோடு வேலை செய்தவர்கள் எல்லார் முன்னாலும்.

“ஒரு நா சும்மா உக்காந்தா கொறஞ்சா போயிருவோம், ஏட்டி?” என்றாய்.

நான் விடவில்லை. ஒரு தடவையாவது நீ தோற்பதை மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்றிருந்தது. கடைசியில் அந்த நாளைத் திட்டத்திலிருந்து நீயே அடித்துவிட்டாய்.

உச்சிக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது என் கால்கள் பின்னின. உயரம் ஒத்துக்கொள்ளாமல் வந்த தலைவலியை இரண்டு நாளாக மறைத்திருந்தேன். என்னைப் பனியில் உட்காரவைத்து, “எம் பேரச் சொல்லு” என்றாய். எனக்குச் சொல்ல வரவில்லை.

பின்னால் வந்த குழுவோடு நீ மேலே போகலாம் என்றும் என்னை அவரே இறக்கிவிடுவதாகவும் நம்மோடு வந்த வழிகாட்டி சொன்னார். அரைகுறை இந்தியில் அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, அதையே எனக்குத் தமிழில் சொன்னாய்: “எங்கூட வந்தவ நீ. நாந்தான் எறக்குவேன்.” உச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஊரில் எல்லாரும் உன்னைப் புகழ்ந்தார்கள். உயிர் பிழைத்த நான் அதற்கும் பொறாமைப்பட்டேன். ஏறாமல் திரும்பியும் இவள் ஜெயித்துவிட்டாளே என்று. அந்த ஓய்வு நாளைக் கெடுத்தது நான்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் முற்றி நீ போய்விட்டாய். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ஒன்னயப் பத்தியேதான் பேசுவா. ‘அவளுக்குப் பயமே கெடையாதும்மா, அந்தத் தைரியம் எனக்கு வராது’ம்பா.” உனக்கும் என்மேல் பொறாமை இருந்ததா? கேட்க நீ இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, புதிதாக எங்களோடு வரும் பெண், என் திட்டத்தைப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் ஏன் சும்மா இருக்கணும் என்று கேட்டாள். நடந்ததை முதல்முறையாக முழுக்கச் சொன்னேன். அவள், “அப்ப உக்காருவோம்க்கா” என்றாள்.

உச்சியைத் தொட்டால், நீ பார்க்காததை நான் பார்ப்பேன். அதை நினைக்கையில் மனதின் ஒரு மூலையில் சந்தோஷம் வருகிறது. அடுத்த நொடியே கூசுகிறது. இறந்துபோனவள்மேல் பொறாமைப்படுவது அசிங்கம்தான். ஆனால் இந்தப் பொறாமையும் போய்விட்டால் எனக்குள் உன் இடம் காலியாகிவிடும். இருந்துவிட்டுப் போகட்டும்.